சும்மா நின்ற யானை

இன்னும் எவ்வளவு நேரம் யோசிப்பார், யோசிக்கட்டும், இவர் யோசிக்கிற வரைக்கும் நான் ஒன்றும் செய்யவேண்டாம், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கலாம், அப்படித் தூங்கியும் இருக்கிறேன், மித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது அடுப்புக்கு முன்னால் நின்றபடியே தூங்கிப்போய் பால் பொங்கி வழிகிற சத்தத்தில்தான் விழித்துக்கொள்வேன். எதிரில் உட்கார்ந்திருப்பவர் என் புருஷன். இந்த மண்டபத்தில் அது இப்போது எல்லாருக்கும் தெரியும். செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று மைக்கில் வாசித்துக்கொண்டு வந்த நடுவர், ஆர்பிட்டர் என்பார்கள், சுகந்தி அருணகிரி, எதிராளி அருணகிரி என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைத் தூக்கி இன்னொரு தரம் பார்த்தார், பின்வரிசையிலிருந்து யாரோ, "இன்னைக்கு வீட்ல சமையல் யாருன்னு இப்பத் தெரிஞ்சிரும்" என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் வேறு ஏதாவது நினைப்பார்கள். அப்புறம் ஆர்பிட்டர் எங்கள் மேசைக்கே வந்து குனிந்து மெதுவாக, "சார், மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, பேசி வச்சுக்கிட்டு ஆடினீங்கன்னு தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் சைபர்தான்" என்றார். அதற்கு இவர், "சார், நாங்க வீட்லயே ஒண்ணும் பேசி வச்சுக்கறதில்ல சார்" என்றார். ஆர்பிட்டர் சிரிக்கவில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும், அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை, நிஜம், நாங்கள் பேசி வைத்துக்கொள்வதில்லை, பேசுவதற்கு முன்னாலேயே இவர் விட்டுக்கொடுத்துவிடுவார், அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது.

மேடையில் போன வாரக் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துக்கள் இன்னும் பிய்க்கப்படவில்லை, பெண் பெயரில் ஒரு எழுத்து மட்டும் தொங்குகிறது, மேலே மின்விசிறி சுற்றும்போதெல்லாம் அதுவும் ஆடுகிறது, எத்தனை தடவை பார்க்காமல் இருந்தாலும் கண் அங்கேதான் போகிறது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பழைய ரசத்தின் வாசனை. வலது தோள் வலிக்கிறது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கியது. ராஜபாளையத்திலிருந்து திண்டுக்கல் வரைக்கும் ஜன்னல் சீட்டு எனக்கு, நான் கேட்கவில்லை, ஏறியதும் இவர் தள்ளி நின்று, நீ உள்ள போ என்றார், காலை வெயில் முழுக்க என் பக்கம்தான் அடித்தது, அதைச் சொன்னால் அப்படியா மாறிக்கலாமா என்று உடனே எழுந்துவிடுவார், அதனால் சொல்லவில்லை. கேஸை அணைத்தேனா? அணைத்தேன். இல்லை, பால் காய்ச்சியதும் அணைத்தேன், அதற்கப்புறம் அத்தைக்கு வெந்நீர் வைத்தேன், அதை அணைத்தேனா? அத்தை வீட்டில்தானே இருக்கிறாள், மித்ராவைப் பார்த்துக்கொண்டு, அணைக்காவிட்டால் பார்த்திருப்பாள். முன்னெல்லாம் இப்படி இல்லை. காலேஜ் நாளில் போர்டைப் பார்க்காமல் ஒரே சமயத்தில் இரண்டு பேரோடு ஆடுவேன், ஹாஸ்டல் மாடியில் படுத்துக்கொண்டு. இப்போது ஒரு அடுப்பு. குழந்தை பிறந்ததும் மூளையில் ஒரு பக்கம் கரைந்துபோய்விடும் என்று அடுத்த வீட்டு அக்கா சொன்னாள், எல்லாருக்கும் அப்படித்தான், பொறுத்தால் திரும்ப வரும் என்றாள். வந்ததா? வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் வந்தேன். இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் மாநில அணியில் பெண்களுக்கான கடைசி இடம் எனக்கு. டிரா ஆனாலோ தோற்றாலோ அது ஈரோட்டிலிருந்து வந்திருக்கும் கோகிலவாணிக்கு. அவள் ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, எங்கள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, எங்கள் முகங்களையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் நினைப்பேன்.

இவர் என்னோடு ஆடக்கூடியவரே இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, ரேட்டிங்கில் எனக்கும் இவருக்கும் அறுநூறுக்கு மேல் வித்தியாசம். கல்யாணமான புதிதில் என்னோடு போட்டிகளுக்குத் துணைக்கு வருவார், மில்லில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, வெளியே வராந்தாவில் பிள்ளைகளைக் கூட்டிவந்த அப்பாக்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நாமும் ஒரு பேர் கொடுத்தால் என்ன என்று ஒரு நாள் பெயர் கொடுத்தார், அப்படி ஆரம்பித்ததுதான். வீட்டில் கொஞ்ச நாள் ஆடினோம். ஒவ்வொரு தடவையும் தோற்பார், தோற்றதும் பலமாகச் சிரிப்பார். குழந்தை வந்தது, போர்டு பீரோ மேலே போனது. நான்தான் நிறுத்தினேன், இவர் நிறுத்தவில்லை, ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் தனியாக ஆடுவார், நான் எட்டிப் பார்த்தால் மூடிவைத்துவிடுவார். இந்தப் போட்டியில் இவருக்கு எல்லாமே நடந்தது, ஒரு எதிராளி வரவே இல்லை, ஒருவர் ஜெயித்த ஆட்டத்தில் ராணியைக் கோட்டைவிட்டார், எனக்கோ முதல் இரண்டு நாளும் தலை ஓடவில்லை, இப்படித்தான் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தோம். இன்று காலை பஸ்ஸில், வாடிப்பட்டி தாண்டியதும் கேட்டார், "ஒருவேளை உனக்கும் எனக்கும் விழுந்துச்சுன்னா நான் என்ன பண்ணட்டும்?" நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஒழுங்கா ஆடுங்க" என்றேன். "சரி" என்றார். அந்தச் சரி எந்தச் சரி? இவருடைய எல்லாச் சரியும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கெட்ட மனுஷனாக இருந்தால் சண்டை போடலாம். அம்மாவிடம் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன், "அம்மா, எல்லாத்தையும் விட்டுக்கொடுக்கிறாரும்மா." அம்மா, "கொழுப்புடி உனக்கு" என்றாள். சரிதான். மீன் வறுத்தால் கடைசித் துண்டை என் தட்டுக்குத் தள்ளுவார், எனக்கு வேணாம் நீ சாப்பிடு, தள்ளிவிட்டு உடனே எழுந்து கை கழுவப் போய்விடுவார், நான் வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்கமாட்டார். எதையாவது கொடுத்தால் அந்த இடத்தில் நிற்கமாட்டார், அதுதான் பழக்கம். அத்தையும் அப்படித்தான், நீ போம்மா, பிராக்டிஸ் பண்ணு, பிள்ளையை நான் பாத்துக்கறேன். எல்லாரும் நல்லவர்கள். நான் நல்லவர்களின் நடுவே நன்றியோடு உட்கார்ந்திருக்கிறேன், நன்றியாக இருப்பது எவ்வளவு அலுப்பு என்று யாரிடம் சொல்வது, பகல் முழுக்க நின்றுகொண்டே இருப்பது மாதிரி. அப்பாகூட இப்படித்தான் இருந்தார். சின்ன வயதில் அவரோடு ஆடும்போது நான் தினமும் ஜெயிப்பேன், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன், ஒரு நாள் அவர் தன் ராணியை என் சிப்பாய்க்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார், அந்த அண்ணாந்த கழுத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது, அதுவரைக்கும் ஜெயித்ததெல்லாம் என்ன என்று புரிந்துவிட்டது, காய்களையெல்லாம் வாரிக் கிணற்றடியில் கொட்டிவிட்டு அழுதேன். அதற்கப்புறம் அப்பாவோடு ஆடவே இல்லை. வெளியாட்களோடு ஆடினேன், தோற்றேன், நிறையத் தோற்றேன், பிறகு ஜெயித்தேன், அது என்னுடையது. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கையைத் தூக்குகிறார். குதிரை. தூக்கிய குதிரையைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்து, என்ன இது, சிரிக்கிறாரா, உதட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, குதிரையைக் கொண்டுவந்து என் ராணிக்குப் பக்கத்தில் வைக்கிறார், கடிகாரத்தை அழுத்துகிறார், ராத்திரி குழந்தை விழித்துவிடாமல் கதவைச் சாத்துகிற மாதிரி சத்தமில்லாமல், அழுத்திவிட்டு உடனே எழுந்து தண்ணீர்க் கேன் பக்கம் நடந்துவிட்டார். நான் போர்டைப் பார்க்கிறேன். குதிரை என் ராணியைத் தாக்குகிறது. ராணி பின்வாங்கினால் அவர் ராணி உள்ளே இறங்கும், அதற்குத் துணையாகப் பின்னால் யானை நிற்கிறது, அத்தோடு எனக்கு மேட், ஆட்டம் முடிந்தது. என் அசட்டையால் வந்தது, இவர்தானே என்று ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை நகர்த்தியிருக்கக்கூடாது. நல்ல நகர்வு. நல்ல நகர்வா? யானை. அந்த யானையை இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்தது இந்தக் குதிரைதான், குதிரை இங்கே வந்துவிட்டது, யானைக்கு இப்போது யாருமில்லை. சும்மா நிற்கிறது. என் ராணி நேராகப் போய் எடுக்கலாம், எடுத்தால் அவருடைய தாக்குதலும் போச்சு, யானையும் போச்சு, ஆட்டமும் போச்சு, இடம் எனக்கு. பொறி ஏதாவது இருக்கிறதா? மறுபடி பார்க்கிறேன். இல்லை. இன்னொரு தரம் பார்க்கிறேன். ஒரு பொறியும் இல்லை, நடு வாசலில் வைத்த தட்டு மாதிரி நிற்கிறது. கைக்கு எட்டுகிற தூரத்தில். எனக்கு வேணாம் நீ சாப்பிடு. திரும்பிப் பார்க்கிறேன், தண்ணீர்க் கேனிடம் நின்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கோபம்கூட இல்லை, கோபத்துக்குத் தெம்பு வேண்டும்.

இங்கேயுமா? மீனில் விட்டுக்கொடுங்கள், ஜன்னலில் விட்டுக்கொடுங்கள், தூக்கத்தில் விட்டுக்கொடுங்கள், இங்கேயுமா வரவேண்டும். எடுத்துவிடு, சுகந்தி. எடுத்தால் என்ன, போர்டில் இருப்பதை எடுப்பதுதான் ஆட்டம், அவர் ஏன் வைத்தார் என்பது நகர்வுகளை எழுதுகிற ஸ்கோர்ஷீட்டில் வராது. அணியில் இடம் கிடைக்கும், பெயர் வரும், அத்தை தெருவெல்லாம் சொல்வாள், என் மருமக என்று, இவர் பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார், அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருஷம் பார்க்கவேண்டும், அணியோடு வேறு ஊருக்குப் போய் ஆடும்போதும் அந்தச் சிரிப்பு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும், எனக்கு மூளை திரும்ப வந்ததா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. எடுக்காமல் வேறென்ன செய்யலாம்? பின்வாங்கினால் மேட். மிச்சமிருப்பது ஒன்றுதான், செக். என் ராணி வலது ஓரத்திலிருந்து செக் வைக்கலாம், அவர் ராஜா பக்கத்துக் கட்டத்துக்கு ஒதுங்கும், வேறு கட்டம் கிடையாது, ராணி இடது பக்கம் வந்து மறுபடி செக், ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பும், இப்படியே போய்க்கொண்டிருக்கலாம், காலம் பூரா, ஒரே நிலை மூன்று தடவை வந்தால் டிரா. டிரா என்றால் கோகிலவாணி. எடுத்துவிடு. எடுக்கமுடியவில்லை, கை அந்தப் பக்கம் போகவே இல்லை, ஏதோ சூடான பாத்திரம் மாதிரி இருக்கிறது அந்த யானை. கண்ணை மூடினால் மித்ரா நினைவுக்கு வருகிறாள், இன்றைக்குச் சாப்பிட்டிருப்பாளா, நான் இல்லாவிட்டால் அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று அத்தை சொல்வாள், அது ஆறுதலுக்குச் சொல்வதா குறைக்குச் சொல்வதா, எல்லாரும் எனக்கு நல்லதுதான் சொல்கிறார்கள், நான்தான் எதையும் சும்மா வாங்கத் தெரியாதவள். கடிகாரம் ஓடுகிறது. ராணியைத் தூக்குகிறேன். வலது ஓரம். செக்.

வந்து உட்கார்ந்தவர் போர்டைப் பார்த்ததும் பெருமூச்சு விடுகிறார். ராஜாவை ஒதுக்குகிறார். செக். மறுபடி ஒதுக்குகிறார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையை மட்டும் பார்க்கிறேன், நடுவிரலில் மில் மெஷின் கடித்த பழைய தழும்பு, அந்தக் கை ராஜாவை இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்கும் எடுத்து வைக்கிறது, தொட்டிலை ஆட்டுகிற மாதிரி, இங்கே, அங்கே, இங்கே. அடுத்த செக்கை எழுதிவைத்துவிட்டுக் கையைத் தூக்கி ஆர்பிட்டரைக் கூப்பிட்டேன். "மூணு தடவை சார், ஒரே நிலை." அவர் இரண்டு தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்வாக விரல் வைத்து, எங்களையும் நடுநடுவே பார்த்து, கடைசியில், "சரியாத்தான் இருக்கு" என்றார், சரியாக இருப்பது பிடிக்காதவர் மாதிரி. கை கொடுத்தோம். இவர் உள்ளங்கை முழுக்க வேர்வை.

சாப்பாட்டுக் கூடத்தில் கல் மேசை, ஓரத்தில் உருட்டிவைத்த காகித விரிப்பு. ஆட்டம் முடிந்தவர்கள் இங்கே வந்துதான் மறுபடி காய்களை அடுக்கி, அங்கே அதை ஆடியிருக்கலாம் இங்கே இதை ஆடியிருக்கலாம் என்று அலசுவார்கள், ஜெயித்தவர் தோற்றவர் எல்லாரும், அது வழக்கம். நான் வரமாட்டேன் என்று நினைத்தேன், இவர் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார், கால்கள் அவர் பின்னால் போகின்றன. உட்காருவதற்குள் காய்களை அடுக்கிவிட்டார். இவ்வளவு வேகமாக இவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. "இந்த இடம்தான், சுகந்தி. இங்க குதிரையை வச்சேன் பாரு, எனக்கு நெஞ்சு எப்படி அடிச்சுச்சு தெரியுமா? உன் முன்னாடி உக்கார முடியல. மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சிருவியேன்னு எந்திரிச்சு ஓடிட்டேன். தண்ணி கூட இறங்கல." நான் அவரைப் பார்க்கிறேன். கண் பளபளக்கிறது. "நீ ராணியை இழுத்தா மேட். எங்க இழுத்தாலும் மேட். ஜெயிச்சுட்டேன்டா அருணகிரின்னு நெனச்சேன், அப்பத்தான் நீ செக்கா வச்சுக் காப்பாத்திக்கிட்ட. இல்லேன்னா இன்னைக்கு உன்னை..." என் காதில் அப்புறம் வந்தது எதுவும் விழவில்லை. ரச வாசனை மட்டும் இருக்கிறது. கல் மேசையின் குளிர்ச்சி முழங்கையில் ஏறுகிறது. இவர் கொடுக்கவில்லை. யாரும் எதையும் கொடுக்கவில்லை. இவர் என்னை ஜெயிக்கப் பார்த்திருக்கிறார், நான் தட்டு என்று நினைத்தது கத்தி, அந்தக் கத்தியில் பிடி இல்லை, அவ்வளவுதான், எடுத்திருக்கலாம், எடுத்திருக்கலாம், அது ஒழுங்காக, நியாயமாக, எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்திருக்கும்.

இவர் இன்னும் பேசிக்கொண்டே ராணியை இங்கே வைத்துக் காட்டுகிறார், அங்கே வைத்துக் காட்டுகிறார், சட்டென்று விரல் நிற்கிறது. யானைக்கு மேலே, தொடாமல். குனிந்து பார்க்கிறார். குதிரையைப் பார்க்கிறார். மறுபடி யானை.

"இது சும்மா நிக்குதே."

நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

"சுகந்தி, இதை நீ பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொன்னால் முடிந்துபோகும். நாக்கு வரைக்கும் வருகிறது. ஆனால் இவ்வளவு களைப்பில் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறமுடியாது. "பாத்தேன்."

"பாத்துட்டா எடுக்கல?" முகம் மாறுகிறது. கையில் யாரோ எதையோ திணித்துவிட்டது மாதிரி, அதை எங்கே வைப்பது என்று தெரியாதது மாதிரி ஒரு முகம். அது என்னுடைய முகம், இவரிடம் அதை நான் பார்த்ததில்லை. "எனக்காகவா விட்ட?"

"இல்ல. நீங்க எனக்காக வேணும்னே விட்டீங்கன்னு நெனச்சேன்."

புரியாமல் பார்க்கிறார். பிறகு மெதுவாக, "வேணும்னே விடணும்னா, அது அங்க நிக்கிறது மொதல்ல எனக்குத் தெரியணுமே. நான் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன்னா நெனச்ச?" என்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிப்பு மாதிரி ஒன்று, அதை நிறுத்த வாயைப் பொத்திக்கொள்கிறேன். அவர் சிரிக்கவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். உன்னை ஒரே ஒரு தடவையாவது ஜெயிக்கணும்னு எவ்வளவு நாளா போனை வச்சுக்கிட்டுக் கண்ணு முழிக்கிறேன். நீ என்னன்னா..."

உள்ளே மண்டபத்தில் மைக் கரகரக்கிறது. கோகிலவாணி, ஈரோடு. கைதட்டல். இவர் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்கிறார். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, அடுத்த தடவை என்றும் சொல்லவில்லை. குதிரையை நேராக்கி வைக்கிறார்.

"எடு" என்கிறார்.

"எதை?"

"யானையை. எடுத்து ஆடு. ஒத்தை யானை போனதுக்கெல்லாம் நான் எந்திரிச்சுப் போறவன் இல்ல."

என் ராணியைத் தூக்கி யானையை அடிக்கிறேன். மரத்தில் மரம் மோதுகிற சத்தம் அந்தக் காலிக் கூடத்தில் பெரிதாகக் கேட்கிறது. இவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு போர்டின் மேல் குனிகிறார். தோற்ற ஆட்டம்தான், எப்படி ஆடினாலும் தோற்ற ஆட்டம்தான். ஆனால் அடுத்து எந்தக் காயைத் தொடப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், தூக்கம் வரவில்லை.